ஒரு டப்பா புழுவும் ஒரு மொட்டைப் பெட்டிஷனும்

ஏ வடிவு,

இந்தக் கடிதத்தையும் கூடவே ஒரு பால்பவுடர் டப்பாவையும் கொண்டுவந்து நீட்டியது யார் என்று பார்த்ததும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு இங்கே இருந்தே தெரிகிறது. உங்கம்மாவுக்குக் கோபம் வந்தால் மூக்கு விடைக்கும், உனக்குக் கீழுதடு முன்னால் வரும். வந்திருக்கும். அதை உள்ளே இழுத்துக்கொள். வந்தவளை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு படிக்காதே. உள்ளே கூப்பிடு, ஃபேன் இருந்தால் போடு, இல்லாவிட்டால் விசிறியை எடுத்துக் கொடு, ஒரு செம்பு மோர் கொடு. தூத்துக்குடியிலிருந்து தென்காசி வரைக்கும் பஸ் மாறி, மடியில் புழு டப்பாவை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் நம் எதிர்வீட்டுப் பிலோமினா. பேச வேண்டாம், இப்போதைக்கு முறைக்காமல் இருந்தால் போதும். ஏழு வருஷமாக நீ அவளோடு பேசவில்லை. அந்த ஏழு வருஷத்துக்கும் காரணம் அவளும் இல்லை, அவள் அம்மாவும் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். காரணம் யார் என்பதையும் சொல்லுவேன், ஓடிவிட மாட்டேன். ஆனால் எனக்குச் சுற்றி வளைத்துத்தான் வரத் தெரியும், அது உனக்குத் தெரியாததா?

போன வாரம் உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் யாரோ இரண்டு முயல் கொடுத்தார்கள், கூண்டு அடித்தாயிற்று, இந்த ஊர் எருக்குழியிலும் புழு கிடக்கிறது, ஆனாலும் எனக்கு நம்ம வீட்டுக் குழிப் புழுதான் வேண்டும், ஒரு கை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். உங்கம்மா சிரித்த சிரிப்பு தெரு முக்கு வரைக்கும் கேட்டிருக்கும். "சீர்வரிசைல விட்டுப்போனத ஞாபகமாக் கேக்கா பாருங்க. அண்டா குடுத்தோம், குத்துவிளக்கு குடுத்தோம், புழு குடுக்காம விட்டுட்டோமே!" என்றாள். நானும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். கடைசி வரியில் வந்து நின்றுவிட்டேன். 'எதிர்வீட்டுக்காரி இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்கு வாராளாமே, என் வீட்டுப் பக்கம் வந்துரக் கூடாதுன்னு சொல்லிவைங்க' என்று எழுதியிருந்தாய். அதே வாரத்தில், ரிட்டையர் ஆக இரண்டு மாதம்தானே இருக்கிறது என்று ஆபீசில் என் பழைய பைல்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அடியிலிருந்து ஒரு காகிதம் நழுவி என் காலில் விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. அது என்ன காகிதம் என்று சொல்ல வேண்டுமென்றால் முயல் வந்த கதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்த சமயம் அது. நம் உப்புக் கம்பெனி குவார்ட்டர்ஸின் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்த வடக்கத்தி எஞ்சினியர், மாற்றலாகிப் போகும்போது கூடையில் இரண்டு வெள்ளை முயலைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். நீயும் பிலோமினாவும் அப்போது பத்தாம் வகுப்பு. ஒன்றுக்கு உப்பு, ஒன்றுக்குச் சீனி என்று பேர் வைத்தீர்கள். எது உப்பு எது சீனி என்று உங்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாது. பம்பு ஃபிட்டராக இருந்த பிலோமினாவின் அப்பா, பெட்டிப் பலகையைக் கொண்டுவந்து, இடுப்புயரக் கால் வைத்து, அடியில் இடைவெளி விட்டுச் சட்டம் அடித்து, ராஜா வீட்டுக் கூண்டு மாதிரி செய்து கொடுத்தார். புழுக்கை எல்லாம் இடைவெளி வழியாகக் கீழே விழுந்துவிடும், முயல் காலில் ஒட்டாது. கீழே விழுந்தது என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "அத மண்ணு தின்னுரும் அண்ணாச்சி" என்றார். எந்த மண்? உப்பளத்தை ஒட்டின நம் குவார்ட்டர்ஸ் மண்ணா? அது ஒரு சொட்டு தண்ணீரையே உள்ளே விடாது, இதையா தின்னும்? இரண்டு முயல் ஒரு வருஷத்தில் பத்தொன்பது ஆயிற்று. சுண்ணாம்பு, வெண்ணெய், பருத்தி, எல்லாம் வெள்ளை. இட்லி என்று ஒரு தடியன் இருந்தானே, ஞாபகம் இருக்கிறதா?

இப்போது என் சங்கடத்தைக் கேள். கூண்டு நின்றது பின்பக்கச் சுவரோரம். அதே சுவரில் ஜன்னல், ஜன்னலடியில் என் கட்டில். புழுக்கைகூட ஒன்றும் செய்யாது வடிவு, அது பாட்டுக்கு மிளகு மாதிரி உருண்டு கிடக்கும். இந்த மூத்திரம் இருக்கிறதே, பத்தொன்பது முயல் மூத்திரமும் தேங்கி நின்றால் கண்ணைத் திறக்க முடியாது. என் சட்டையெல்லாம் அந்த வாடை. ஆபீசில் ஒருவன், "என்ன அண்ணாச்சி, வீட்டுல கெடா வளக்கியளா?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து, முயலை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடு என்று சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். நீ ஒரு குட்டியை உள்ளங்கையில் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, மூக்கப் பாருங்கப்பா, சும்மாவே ஆட்டிக்கிட்டு இருக்கு" என்பாய். நான் "ஆமாளா, என்னா அழகு!" என்பேன். உங்கம்மா நேராகவே கேட்டாள்: "ஏங்க, ஒங்களுக்கு நாத்தம் கீத்தம் அடிக்கோ?" அப்போதாவது சொன்னேனா? "சேச்சே, ஒண்ணுமே தெரியல." முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவனிடம் போதும் என்று சொல்லத் தெரியாமல் ஏழு ஜாங்கிரி தின்று படுத்தவன் நான்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். பெட்டிஷன் எழுதத் தெரியும். இத்தனை வருஷமாக உப்புக் கம்பெனி ஆபீசில் தபால் குமாஸ்தா, யாருக்கு என்ன குறை என்றாலும் எழுதிக் கொடு என்று சொல்லிச் சொல்லியே பழகிப்போன புத்தி. ஒரு சனிக்கிழமை, நீயும் அம்மாவும் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, ஒரு வெள்ளைத் தாளில் இடது கையால் எழுதினேன். 'ஐயா, எதிர் வரிசையில் குடியிருக்கும் நாங்கள் தபால் குமாஸ்தா வீட்டு முயல்களின் துர்நாற்றத்தால் மூக்கைப் பிடித்தபடியே காலம் கழித்து வருகிறோம். சமூகம் தாங்கள் தயவுகூர்ந்து மேற்படி முயல்களை அப்புறப்படுத்தி உதவ வேண்டுமாய்ப் பிரார்த்திக்கிறோம். இப்படிக்கு, பாதிக்கப்பட்டோர்.' பேர் கிடையாது, கையெழுத்து கிடையாது. மொட்டைப் பெட்டிஷன். ஆமாம் வடிவு. என் வீட்டு முயல் மேல், என் மகள் முயல் மேல், நான்தான் போட்டேன். வேறு யாரும் இல்லை.

முழுசாகச் சொல்லிவிடுகிறேன், பாதியில் நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் போய் ஆபீஸ் வாசலில் இருந்த புகார்ப் பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது தெரியுமா? என் அரைஞாணில்! இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. திங்கட்கிழமை நானே திறந்தேன், நானே முத்திரை குத்தினேன், நானே நம்பர் போட்டு குவார்ட்டர்ஸ் சூப்பிரண்டு மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "ஓய், இது உம்ம வீட்டு விசயமாட்டுல்லா இருக்கு. சங்கடமாத்தான் இருக்கு, ஆனா எழுதி வந்துட்டே, நான் என்ன செய்ய?" என்று சொல்லி நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். யார் அடிக்க? நான்தான். எனக்கு நானே நோட்டீஸ் அடித்து, எனக்கு நானே அனுப்பி, 'பெற்றுக்கொண்டேன்' என்று எனக்கு நானே கையெழுத்தும் போட்டேன். ஒரு மாதத்தில் அவர் நேரில் வந்து பார்ப்பார், நாற்றம் இருந்தால் முயல் எல்லாம் வெளியேற வேண்டும். நீ இரண்டு நாள் அழுவாய், அப்புறம் சரியாகிவிடும், நானும் நல்லவனாகவே இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நோட்டீசில் 'எதிர் வரிசையிலிருந்து வந்த புகாரின்பேரில்' என்று அடித்தது என் விரல்தான். எழுதியவன் நான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட வார்த்தை அது. நமக்கு எதிரே ஆள் இருந்தது ஒரே வீட்டில்தான் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. பிலோமினாவின் அம்மா வேறு நம் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "என்னளா வடிவு, ஒங்க வீட்டுச் சாம்பிராணி இன்னிக்குத் தூக்கலா இருக்கு" என்று கேலி பண்ணுகிறவள். நீ நோட்டீசைப் படித்துவிட்டு நேரே தெருவில் இறங்கினாய். பிலோமினா முயலுக்கு அருகம்புல் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். "எழுதிப் போட்டது ஒங்க அம்மதான?" என்று கேட்டாய். "இல்லளா" என்றாள். "அப்ப யாரு? சொல்லு பாப்போம், யாரு?" அவள் ஒருதரம் நிமிர்ந்து நம் வீட்டுக் கேட் பக்கம் பார்த்தாள். கேட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாது" என்றாள். புல்லுக்கட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இனி எங்கள் நடையேறாதே என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாய். நான் அங்கேயே நின்றேன். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

மறுநாள் கம்பெனி விருந்தினர் பங்களாவின் சமையல்காரர் வந்தார். கூண்டைத் திறந்து இட்லியைத் தூக்கித் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் களிச்சுத்தான் காலி பண்ணணுமாம்லா, அன்னிக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. முயல் யாருக்காவது வளர்க்கப் போகும் என்று நினைத்தவன் நான், சட்டிக்குப் போகும் என்று நினைக்கவே இல்லை. அந்த நிமிஷத்திலிருந்து, பெட்டிஷன் போட்ட கையாலேயே அந்தப் பெட்டிஷனைத் தோற்கடிக்கிற வேலையில் நான் இறங்கிவிட்டேன். சாம்பல் போட்டோம், சுண்ணாம்பு போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் உங்கம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே, "எங்க ஊரு எருக்குழில மேலதான் நாறும். அடில புழு கெடக்கும் பாருங்க, அங்கன தோண்டுனா மழை பெஞ்ச மண்ணு மாரி மணக்கும்" என்றாள். நீ துள்ளி எழுந்தாய். "அப்ப அந்தப் புழுவக் கொண்டாந்து கூண்டுக்கு அடில விட்டா என்ன?" முயல் புழுக்கைக்குப் புழு வளர்த்த கதையை அதுவரை நான் கேட்டதில்லை. ஆனாலும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஆற்றங்கரையில் உங்கம்மா ஊரில் போய் இறங்கி, உன் மாமாவிடம் எருக்குழியில் கொஞ்சம் புழு எடுக்க வேண்டும் என்றேன். அவர் பதறிப்போய்விட்டார். "மாப்ள, நீங்க எருக்குழிப் பக்கம் போறதாவது! ஊரு சிரிக்கும்லா. ஒக்காருங்க, நான் எடுத்துத் தாரேன்." எனக்கு வாழை இலை போட்டு அவியல், பருப்பு, பாயசம் என்று விருந்து. அதற்குள் அவர், எருக்குழிப் புழு சிவப்பாக நூல் மாதிரி அருவருப்பாக இருக்கும், வீட்டு மாப்பிள்ளைக்கு அதைக் கொடுப்பதா என்று நினைத்து, வயல் வரப்பில் வெட்டி விரல் தண்டிக்கு ஒரு படி மண்புழு சேர்த்துவிட்டார். உன் அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், மண்ணோடா மாப்பிள்ளை கையில் கொடுப்பது என்று, அரிசி களைகிற மாதிரி மூன்று தண்ணீர் விட்டுக் களைந்து, துலக்கி வைத்த பித்தளைத் தூக்குச்சட்டியில் போட்டு, மேலே வாழை இலை மூடிக் கொடுத்தாள். பஸ்ஸில் கண்டக்டர், "தூக்குச்சட்டில என்ன அண்ணாச்சி, பாயசமா?" என்று கேட்டார். "புழு" என்றேன். தூத்துக்குடி வரைக்கும் என் சீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை, காலை நீட்டி உட்கார்ந்து வந்தேன்.

அந்தப் புழு மூன்று நாள் தாங்கவில்லை. வயல் புழு மண்ணைத் தின்கிற ஜாதி, அதைத் தனிப் புழுக்கையில் விட்டால் என்ன செய்யும்? நீ அதற்கும் அழுதாய். நான் மறுபடி பஸ் ஏறினேன். இந்தத் தடவை வீட்டு வாசலுக்கே போகவில்லை. கொல்லைப் பக்கமாக நுழைந்து, சட்டையைக் கழற்றி வைக்கோல் படப்பில் போட்டு, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு எருக்குழியில் இறங்கிவிட்டேன். கொட்டாங்கச்சியால் தோண்டிக்கொண்டிருக்கிறேன், உன் அத்தை சாணி போட வந்தவள் கூடையை அப்படியே போட்டுவிட்டு, "ஐயையோ, ஓடியாங்க! மாப்பிள்ள எருக்குழிக்குள்ள விழுந்துட்டாவ!" என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. உன் மாமா கிணற்றுக் கயிற்றோடு ஓடிவருகிறார். "விழல மச்சான், எறங்கித்தான் இருக்கேன்" என்று நான் சொல்வதை யாரும் காதில் வாங்கவில்லை. இன்றைக்கும் அந்த ஊரில் நான் எருக்குழி மாப்பிள்ளைதான். அந்தப் பட்டப்பெயர் எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? என் ஆயுசில் நான் வெளிப்படையாக, நாலு பேர் பார்க்கச் செய்த முதல் காரியம் அது.

இரண்டு சாக்கு எருவைப் புழுவோடு பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவந்தேன். கூண்டுக்கு அடியில் செங்கல் வரிசை வைத்து, தென்னை நாரும் வாழைச் சருகும் ஒரு சாண் பரப்பி, அதன் மேல் எருவையும் புழுவையும் விட்டோம். மூத்திரத்தைச் சருகு குடித்துக்கொண்டது, புழுக்கையைப் புழு பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்தோம். மறுநாள் பார்த்தால் புழு எல்லாம் செங்கல் மேல் ஏறி வெளியே ஓடப் பார்க்கிறது. உங்கம்மாதான் கண்டுபிடித்தாள். நான் தெளித்த கிணற்றுத் தண்ணீரைக் கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். "இதுல நாமளே வாய் கொப்புளிக்க மாட்டோம். அதுக உடம்பெல்லாம் வாய்தான, என்ன செய்யும் பாவம்?" நல்ல தண்ணீர் லாரி வருவது ஒருநாள் விட்டு ஒருநாள், வீட்டுக்கு ஆறே குடம். அதில் ஒரு குடத்தைக் குப்பைக்கு ஊற்றுகிறோம் என்று குவார்ட்டர்ஸே சிரித்தது. நமக்கும் தட்டுப்பாடுதான், அம்மா சோறு வடித்த கஞ்சியில்தான் ரசம் வைத்தாள். ஆனால் இரண்டாவது லாரி நாளிலிருந்து நம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கூடுதலாக இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? லாரிக்காரன் மனசு வைத்து விட்டுப்போகிறான் என்று அம்மா சொன்னாள், நீயும் நம்பினாய். அந்தக் குடத்துக்கு அப்புறம் வருகிறேன்.

மாதக் கடைசியில் சூப்பிரண்டு கைக்குட்டையைத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே பங்களாச் சமையல்காரர் ஒரு காலிக் கூடையோடு! சூப்பிரண்டு குனிந்து மோந்தார். நிமிர்ந்தார். நம்பாமல் மறுபடி மோந்தார். நீ சருகை விலக்கி அடியிலிருந்து ஒரு கை அள்ளிக் காட்டினாய். "ஏளா, இது என்னது, காப்பித்தூள் மாரில்லா இருக்கு?" என்றார். "முயல் போட்டது, புழு தின்னது சார்" என்றாய். கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, அங்கேயே என் முதுகில் நோட்டீசை வைத்து, 'நாற்றம் இல்லை. முயல்கள் இருக்கலாம்' என்று எழுதினார். குரோட்டன்ஸ் செடிக்கு ஒரு கூடை வேண்டும் என்று கேட்டு, சமையல்காரரின் கூடையிலேயே வாங்கிக்கொண்டும் போனார். நீ குதித்தாய், உங்கம்மா குதித்தாள், எல்லாரையும்விட உயரமாகக் குதித்தவன் நான். பெட்டிஷன் தோற்றதற்கு அதைப் போட்டவனே இப்படிச் சந்தோஷப்பட்ட கதை எந்த ஆபீசிலும் இருக்காது. அதற்கு அப்புறம், ஒரு புல் முளைக்காத அந்தக் களர் மண்ணில் கறிவேப்பிலை வந்தது, பிச்சி படர்ந்தது. உன் கல்யாணத்தன்று நீ தலை நிறைய வைத்திருந்தது அந்தக் கொடிப் பிச்சிதான்.

அந்தக் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி தண்ணீர் ஊற்றியது யார் என்று பார்த்தாயா? நீ பார்த்திருக்க மாட்டாய், அந்தப் பக்கமே திரும்பவில்லையே. கேட்டோரத்தில் அந்தக் குடத்தை வைத்ததும் அதே பிலோமினாதான். விடிகாலைப் பூசைக்குப் போகிற வழியில், முக்காட்டைப் போட்டுக்கொண்டு, தன் வீட்டு ஆறு குடத்தில் ஒன்றைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் முன்பக்க ஜன்னல் வழியாக என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்துவிட்டும் பேசாமல் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். உன் புழு பிழைத்தது பாதி அவர்கள் வீட்டுத் தண்ணீரில்.

முந்தாநாள் உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நாத்தம் அடிக்கோன்னு நான் வாயத் தொறந்து கேட்டேனே, அன்னிக்குச் சொல்லியிருந்தா கூண்டத் தள்ளி வச்சிருப்பேனே! அம்புட்டுத்தானே!" என்றாள். இரண்டு நாளாக என் காப்பியில் சீனி கிடையாது. அப்புறம் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனேன். பத்தடித் தெரு, தாண்ட ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. பிலோமினா உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்ப டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். அவள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அண்ணாச்சி, ஒங்க மக என்னய மொறைச்ச மொறைப்புல, ஒருவேள நான்தான் எழுதிட்டு மறந்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு!" பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும் மாமா" என்றாள்.

எப்படி என்று கேட்டேன். "பூசைக்குப் போயிட்டு இருந்தேன். நீங்க புகார்ப் பெட்டில போட்டதப் பாத்தேன்" என்றாள். பின்னே ஏன் தாயி சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதுகிறேன்: "சொல்லியிருந்தா வடிவு ஒங்ககூடப் பேசாம இருந்திருப்பா. ஒரே வீட்டுக்குள்ள அப்பாகூடப் பேசாம எப்படி மாமா இருக்கது? நான்னா எதிர்வீடு, சமாளிச்சுக்கிடலாம்னு நெனச்சேன். ரெண்டு நாள்ல சரியாயிரும்னுதான் இருந்தேன். ஏழு வருசம் ஆவும்னு யாருக்குத் தெரியும்?" பதினைந்து வயசுப் பிள்ளை, தெருவில் புல்லுக்கட்டோடு நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் இதை யோசித்திருக்கிறாள். நான் அங்கேயே அவர்கள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவள் அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள், சீனி இல்லாமல் கிடந்த நாக்குக்கு அது தேவாமிர்தமாக இருந்தது.

இனி டப்பாவுக்கு வருகிறேன். மூடியில் ஓட்டை போட்டிருக்கிறேன், அடியில் ஈரச் சருகு இருக்கிறது. நிழலில் வை. புழுக்கையைத் தயங்காமல் அப்படியே போடலாம், மாட்டுச் சாணி மாதிரி ஆறவைக்க வேண்டியதில்லை. மூத்திரத்துக்குத்தான் சருகு தாராளமாகப் போட வேண்டும். கை அள்ளிப் பிழிந்தால் ஒரு சொட்டு வருகிற ஈரம் போதும். எறும்பு அண்ட விடாதே. கருவாடு கழுவின தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றிவிடாதே, உப்பு ஆகாது. உங்கள் ஊரில் குற்றாலச் சாரல் தண்ணீர், அதுகளுக்கு யோகம்தான். இன்னொன்றும் சொல்லுவேன். மாப்பிள்ளை உன் சமையலை எப்போது பார்த்தாலும் நன்றாக இருக்கிறது என்றே சொல்கிறார் என்று பெருமையாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்குப் பயம்தான் வந்தது. அவரை உட்காரவைத்து, பிடிக்காதது என்ன என்று கேள். நீயும் சொல்லு. சண்டை வந்தால் வரட்டும், மத்தியானச் சோற்றுக்குள் தீர்ந்துவிடும். வீட்டுக்குள் மட்டும் புகார்ப் பெட்டி வேண்டாம் வடிவு.

என் மேல் கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படு. பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு, இப்போது வேறு வீட்டில்தானே இருக்கிறாய், சமாளித்துக்கொள்ளலாம். நான் பொங்கலுக்கு வந்து உன் வாசலில் நிற்பேன், எருக்குழியில் இறங்கினவனுக்கு இனி என்ன வெட்கம்? அந்தப் பெட்டிஷனையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். கிழித்துப் புழுவுக்குப் போடு, ஈரக் காகிதம் என்றால் அதுகளுக்கு உயிர். ஆனால் இந்தக் கடிதத்தைப் போடாதே. இதில் வலது கையால், பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தபால் குமாஸ்தா புத்தி போகாதல்லவா, இணைப்பு விவரமும் கீழே எழுதியிருக்கிறேன். மூன்றும் சரியாக வந்து சேர்ந்ததா என்று பார்த்துப் பெற்றுக்கொள்.

உன் அப்பா
(கையெழுத்து)

இணைப்பு:
மொட்டைப் பெட்டிஷன், ஒன்று.
புழு, ஒரு டப்பா.
பிலோமினா.